தாகமெடுத்த வள்ளம்

எனக்குக் கடல்மேல் ஆசை வந்த நாளில் நான் இருந்த வள்ளம் தாழ்ந்துகொண்டிருந்தது. அதில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேருக்கு விஷயம் தெரியும். மூன்றாவது ஆளுக்கு வயது பத்து. அது பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

உரும்பிராயில் தோட்டக் காணிகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். கிணற்றை எட்டிப் பார்க்கவே பயம். கடற்கரையில் பிறந்த அம்மாவுக்கு அது பெரிய மானக்கேடு. கீரிமலைக்குப் பக்கத்தில் அம்மாவின் தம்பியார், என் மாமா, மாமியோடு இருந்தார். சண்டை முடிந்து, சனங்கள் கரைக்குத் திரும்பி, மாமா மறுபடி ஒரு வள்ளம் வாங்கித் தொழிலுக்குப் போகத் தொடங்கி இரண்டொரு வருடம் ஆகியிருந்த காலம். சித்திரை விடுமுறைக்கு என்னை அங்கே கொண்டுபோய் விட்டபோது அம்மா ஒன்றுதான் சொன்னார்: தண்ணீரைக் கண்டால் இவள் கத்திக் குழறிக்கொண்டு எழும்பி ஓடுவாள், கவனம்.

வாடைக்காற்று மாதங்களில் வடக்குக் கடல் யாரையும் விடாது. அந்த நேரத்தில் மாமா வள்ளத்தைக் காரைநகரில் கரையேற்றிவிடுவார். அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை இடுக்குகளை அடைத்து, தார் பூசி, பெயின்ற் அடித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். வள்ளத்தின் அடியில் பின்பக்கம் ஓர் ஓட்டை உண்டு. கரையில் நிற்கும்போது மழைத்தண்ணீர் வடிவதற்காக அதைத் திறந்துவிடுவார்கள். கடலில் இறக்கும்போது ஒரு வேப்பங்கட்டையை வைத்து இறுக்குவார்கள். அந்தக் கட்டை தொலைந்துபோகக் கூடாது என்று மாமி அதைக் கொண்டுவந்து சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். வெள்ளிக்கிழமைகளில் முருகனுக்குச் சந்தனம் வைக்கிற கை அதற்கும் ஒரு பொட்டு வைக்கும்.

திருத்திய வள்ளத்தை ஊருக்குக் கொண்டுவரும் முதல் ஓட்டத்தில் மாமா மாமியையும் ஏற்றிக்கொள்வார். பெண்களை வள்ளத்தில் ஏற்றாத ஊரில் அது பெரிய கதை. வலை ஏறாத வள்ளத்துக்கு என்ன துடக்கு, என்ன தீட்டு என்று மாமா கேட்பார். புதுமாப்பிள்ளையும் பொம்பிளையும் போகினம் என்று இளசுகள் பகிடி பண்ணுவார்கள். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. கரையோரமாகப் பாய் விரித்து வந்து, ஊரில் இறங்கி, கீரிமலைக் கேணியில் முழுகி, கோயிலில் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவது அவர்களின் வருடாந்தத் திருவிழா. அந்த வருடம் அந்தத் திருவிழாவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

விடிய எழும்பி, சோறு கட்டி, தேங்காய், கற்பூரம், மாற்றுச்சேலை எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் காரைநகருக்குப் போனோம். கட்டையை மாமி எடுத்திருப்பார் என்று மாமா நினைத்தார். மாமா எடுத்திருப்பார் என்று மாமி நினைத்தார். கட்டை சாமித்தட்டிலேயே சந்தனப் பொட்டோடு பத்திரமாக இருந்தது. பெயின்ற் அடித்தவர் அந்த ஓட்டையில் தார்த்துணி ஒன்றை இறுக்கியிருந்ததால், இறக்கும்போது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தேங்காய் உடைத்தோம். வள்ளம் நல்ல பிள்ளையாக மிதந்தது.

வள்ளத்து எஞ்சின் அச்சுவேலியில் திருத்தத்துக்குக் கிடந்தது. அது இல்லாத ஓட்டம்தான் ஓட்டம் என்று மாமா சந்தோஷமாகப் பாயை விரித்தார். மேற்கிலிருந்து மெல்லிய காற்று. நான் மாமியின் சேலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தேன். மூடினால்தான் கூட ஆட்டும், திறந்து பார் என்று மாமி சொன்னார். திறந்தேன். தண்ணீர் பச்சையாக, அடியில் கல்லும் பாசியும் தெரிய, எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. இதற்கா இவ்வளவு பயந்தேன் என்று இருந்தது.

மாதகல் தாண்டிய பிறகு என் காலில் தண்ணீர் பட்டது.

"கரையிலை காய்ஞ்ச மரம். கொஞ்சம் குடிக்கும்," என்றார் மாமா. அது பொய்யில்லை. காய்ந்த பலகை ஊறி இறுகும்வரை எந்த மர வள்ளமும் கொஞ்சம் தண்ணீர் எடுக்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் என் கணுக்கால்வரை வந்துவிட்டது. மாமா மாமியைப் பார்த்தார்.

"கட்டை எங்கை?"

"சாமித்தட்டிலை," என்றார் மாமி.

ஓட்டையில் இறுக்கியிருந்த தார்த்துணி கழன்று கடலோடு போயிருந்தது. பிறகு இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நான் எழும்பிக் குழறினால் வள்ளம் அந்த இடத்திலேயே சரிந்துவிடும் என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது. கரை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கரை முழுக்க முருகைக்கல், கூரான பவளப்பாறை. அலை தூக்கி அடித்தால் வள்ளம் விறகாகிவிடும். கல்லை வெட்டி வள்ளம் நுழைவதற்கு விட்ட வழியை வான் என்பார்கள். அடுத்த வான் எங்கள் ஊரில்தான். மாமாவுக்கு ஒரு கையில் சுக்கான், மறுகையில் பாய்க்கயிறு. இரண்டையும் விட முடியாது.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்களே, மாமி அந்தச் சாதி. பொட்டணியை அவிழ்த்து, கேணியில் மாற்றுவதற்கென்று கொண்டுவந்த சேலையை உருட்டி ஓட்டையில் திணித்து, அதன்மேல் வலது குதிக்காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வெறும் பால்மாத் தகரப் பேணி ஒன்றை என் கையில் தந்தார்.

"வள்ளத்துக்குத் தாகம், பிள்ளை. கனக்கக் குடிச்சால் அதுக்கு வயித்துக்குத்து வரும். நீ அள்ளி அள்ளி வெளியிலை ஊத்து."

எனக்கென்று ஒரு வேலை கிடைத்ததில் பயம் பறந்துவிட்டது. அள்ளினேன், ஊற்றினேன், போதும் குடித்தது என்று வள்ளத்தை ஏசினேன். வலை, நங்கூரம் எல்லாம் வீட்டில் இருந்தன. மிதக்கக்கூடியது என்று வள்ளத்தில் கிடந்தது ஒரு வெறும் பிளாஸ்ரிக் மண்ணெண்ணெய்க் கான்தான். மாமி அதை எட்டி எடுத்து, மூடியை இறுக்கி, கயிற்றால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்.

"இது உன்ரை குதிரை. நான் சொல்லுமட்டும் அவிழ்க்கப்படாது."

பள்ளிக்கூடத்தில் படித்த தேவாரம் எல்லாம் பாடு என்றார். பாடினேன். முடிய முடிய இன்னொன்று கேட்டார். என் குரலை இவ்வளவு ரசிக்கிற ஒரு ஆள் உலகத்தில் உண்டா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவும் கூடப் பாடினார். சோற்றுப் பொதியை எடுக்க நான் கேட்டபோது மட்டும் மாமி அசையவில்லை. இவ்வளவு சோம்பலா இந்த மனிசிக்கு என்று நினைத்தேன்.

வானுக்குள் நுழைந்தபோது தண்ணீர் என் முழங்காலில் நின்றது. மாமா வள்ளத்தை நேரே மணலில் ஏற்றினார். கரையில் நின்றவர்கள் ஓடிவந்து இழுத்தார்கள். மாமா மணலில் குந்தியிருந்து, ஊர் பார்க்க, மாமியின் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். குதிக்கால் தோல் உரிந்து சிவந்திருந்தது. முள் குத்திவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் சிப்பி பொறுக்கப் போனேன்.

இதெல்லாம் என் கலியாணத்துக்கு முதல் நாள் மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். யார் கட்டையை மறந்தது என்று அன்றைக்கும் இருவரும் வழக்காடினார்கள். சாமித்தட்டு உன்ரை பொறுப்பெல்லே என்று மாமா. வள்ளம் உங்கடை பொறுப்பெல்லே என்று மாமி. நான் அழுதேன். இன்று கடலைக் கண்டால் என் கால் தானாக ஓடுகிறது. என் மகளையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அன்று அவர்களில் ஒருவருடைய முகம் மாறியிருந்தால் எனக்கு இந்தக் கடல் கிடைத்திருக்காது, ஒருவேளை இந்த உயிரும் கிடைத்திருக்காது. நன்றி சொல்லப் போனால் மாமி கேட்கமாட்டார். விசர்க்கதை கதையாதை என்பார்.

மாமி சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் பின்னேரம் கேணிக்குப் போனோம். பெண்கள் கேணியில் நான் கான் குதிரையோடு குதித்தேன், ஏறினேன், மறுபடி குதித்தேன். மாமி ஈரச் சேலையோடு மேல்படியில் இருந்து வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். இறங்கி வாருங்கோ என்று கூப்பிட்டேன். வரவில்லை.

"மாமி, உங்களுக்கு நீந்தத் தெரியாதோ?"

"தெரியாது, மோனை," என்றார்.

கடற்காரன் பெண்சாதிக்கு நீச்சல் தெரியாதாம் என்று கேணி முழுக்கக் கேட்கும்படி கத்திச் சிரித்தேன். மாமியும் சிரித்தார். நான் இடுப்பில் கட்டியிருந்த கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுபடி குதித்தேன்.