புகைக் கண்ணாடிக்கு வைத்த பொட்டு

பீளமேட்டுப் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் நான் உலைக்காரன். தொண்ணூறுகளில் முதலாளி புது மிஷின் ஒன்று வாங்கினார். உலைப் புகையைத் தண்ணீரில் கழுவி வெளியே விடும். புகைக்குழாயில் ஒரு கண்ணாடி; அதன் வழியே போகும் வெளிச்சத்தைப் புகை மறைத்தால் மணியடிக்கும். இத்தனை வருஷம் உலையோடு வெந்தவனுக்கு ஒரு மணி வந்து புத்தி சொல்வதா? என் மாமியார்கூட என்னை அத்தனை குறை சொன்னதில்லை.

ஆனால் அது இல்லாமல் பிழைப்பில்லை. கொடியில் போடும் வேட்டியெல்லாம் கரி படிகிறதென்று பக்கத்து வீட்டம்மா மனுக் கொடுத்திருந்தார். ஆயுத பூஜை முடிந்ததும் அதிகாரி வருவார், சோதனையில் தவறினால் பவுண்டரிக்குப் பூட்டு என்று கடிதம் வந்திருந்தது.

பூஜையன்று ஸ்பேனர் முதல் தராசு வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். அந்த மிஷினை மட்டும் விட மனசு வரவில்லை. எவ்வளவு திட்டினாலும் சாமி காரியத்தில் வஞ்சகம் கூடாது, இல்லையா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நட்ட நடுவில் தாராளமாக ஒரு பொட்டு வைத்து மாட்டினேன்.

அதிகாரி வந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் வீட்டம்மாவும் துவைத்த வேட்டியோடு வந்து நின்றார். முதலாளி சுவிட்சைப் போட்டதும் மணி அலறியது.

“ஏனுங்க, உலையே இன்னும் பத்த வெக்கலைங்களே,” என்றார் அதிகாரி. “பொகை எங்கிருந்துங்க வருது?”

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. “மிசினே கோளாறுங்க. இன்னைக்கே திருப்பி அனுப்பிச்சுப்போடறனுங்க.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் மணி தொலைந்தது. கூடவே என் வேலையும்.

“மிசின்ல கோளாறு இல்லீங்க. கண்ணாடிக்குப் பொட்டு வெச்சுப்போட்டனுங்க.”

அதிகாரி சிரிக்காமல் தன் கைக்குட்டையால் பொட்டைத் துடைத்தார். உலை மூட்டினேன். வாழ்நாளில் அத்தனை பயபக்தியோடு நான் கரி போட்டதில்லை. இரும்பு உருகி ஓடும்வரை மணி வாய் திறக்கவில்லை.

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு மதிலைப் பார்த்தார். “நீங்க என்னங்கம்மா சொல்றீங்க?”

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேட்டியை உதறிக் கொடியில் போட்டார். “காயட்டுங்க, சொல்றேன்.”

அதிகாரி பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் உலையை விட்டு நகரவில்லை. அந்த மணியை ஒரு வார்த்தை திட்டவுமில்லை. நீ அடிக்காமல் இருந்தால் போதும் தாயே என்று கும்பிட்டேன்.

வெயில் இறங்கியபின் அந்த அம்மா வேட்டியை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெள்ளையாத்தான் இருக்குதுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”