இருபதுக்கு நாலு போட்ட நேசம் டீச்சர்

கல்லடிச் சந்தையில் எனக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கைத்தொலைபேசி அடித்தது. களுவாஞ்சிக்குடியில் கணிதம் படிப்பிக்கும் சுதர்சினி. என்னிடமும் நேசம் டீச்சரிடமும் படித்தவள். எப்போது எடுத்தாலும் முதலில் என் சுகத்தை விசாரிப்பவள், அன்று விசாரிக்கவில்லை.

"சேர், நம்மட டீச்சர் போயிற்றாங்க. விடிய ஆறு மணிக்கு."

"பக்கத்தில ஆர் நிண்டது?"

"நான்தான் நிண்டன் சேர். ஒண்டும் கதைக்கல்ல. சும்மா கிடந்தாங்க."

மீனை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நல்லடக்கத்தன்று பேசியவர்கள் எல்லோரும் நல்லதாகவே பேசினார்கள். கண்டிப்பான கணித ஆசிரியை, மெதடிஸ்த கோயிலில் முப்பது வருடம் ஓர்கன் வாசித்தவர், கலியாணம் கட்டாமல் பாடசாலையையே குடும்பமாக வைத்திருந்தவர் என்றார்கள். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் இந்த நகரத்துப் பாடசாலைகளில் எந்தப் பிள்ளைக்கு ராப் வரும், எதற்கு வராது என்று முதன்முதல் காது கொடுத்துக் கேட்டவர் அவர்தான் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை அடைக்கிறது என்று சாக்குச் சொல்லி உட்கார்ந்துகொண்டேன். டீச்சரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில், அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

சுனாமியில் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் புளியந்தீவில் ஆராதனைக்கு ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அதே வெள்ளைச் சேலையோடு பாடசாலைக்கு வந்து வகுப்பறைப் பூட்டுகளைத் திறந்துவிட்டார். அதிபர் வரும்வரை காத்திருக்கவில்லை. இரண்டு நாளில் எங்கள் பாடசாலை முழு அகதி முகாமாகிவிட்டது. நான் படிப்பித்த வகுப்பறையில் பதினொரு குடும்பங்கள் கிடந்தன. கரும்பலகையில் காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள்.

தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரும் நேரத்துக்கு வாளிகளோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அங்கேதான் அவனை முதலில் கண்டோம். பதின்மூன்று பதினான்கு வயதிருக்கும். நாவலடியில் இருந்த வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது. தகப்பனும் தங்கச்சியும் போய்விட்டார்கள். மிஞ்சியது தாயும் அண்ணனும் அவனும். பின்னால் நிற்கும் பெடியன் கவிழ்த்த வாளியில் தட்ட, இவன் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனான்:

"நில்லு நில்லு வரிசையில நில்லு,
செத்தவன் பேரையும் சேத்துச் சொல்லு.
பருப்பு வாறது, பாய் வாறது,
எங்கட அப்பா எப்ப வாறது?"

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. செத்த வீட்டில் என்ன கூத்து என்று ஏசப் போனேன். டீச்சர் என்னைத் தாண்டிப் போய், தட்டிக்கொண்டிருந்தவனின் கையைச் சட்டென்று பிடித்து நிறுத்தினார். தாளம் நின்றது. பாடியவனும் திகைத்து நின்றான். டீச்சர் பார்த்தபடியே இருந்தார். மனதுக்குள் நாலு எண்ணியிருப்பார். கையை விட்டார். வாளியில் முதல் அடி விழுந்த அதே கணத்தில் அவன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினான், ஒரு மயிரிழை முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

"பாத்தீங்களா சேர்? தாளம் நிண்டாலும் இவனுக்குள்ள நிக்கல்ல" என்றார்.

அதன்பிறகு அதுவே அவருடைய பரீட்சையானது. பாடசாலை திரும்பத் தொடங்கியதும் பிள்ளைகள் விஞ்ஞானகூடத்துக்குப் பின்னால் கூடி ராப் சொல்வார்கள். பஸ் நிலையத்துக் கடைகளில் விற்ற சீடிகளில் கேட்டுப் பழகியது. மற்ற ஆசிரியர்கள் நாங்கள் துரத்துவோம். டீச்சர் போய் நிற்பார், தாளத்தை இடையில் நிறுத்துவார், நாலு எண்ணுவார், விடுவார். பக்கத்துப் பாடசாலைகளிலிருந்தும் பிள்ளைகள் அவரைத் தேடி வந்தார்கள். பலர் நாலுக்குள் தடுமாறுவார்கள். "உனக்கு இது இல்ல மனே, நீ கிரிக்கெட்டுக்குப் போ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கணக்கிலும் அவர் பொய்ப்புள்ளி போட்டதில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. தமிழாசிரியன் அல்லவா! வகுப்பில் மேசையைத் தட்டியதற்காக அவனை இரண்டு தடவை வெளியே நிறுத்தியிருக்கிறேன். டீச்சர் ஓய்வறையில் வைத்து நக்கலடிப்பார். "சந்தம் சந்தம் எண்டு தொண்ட கிழியக் கத்துறீங்க. அது வந்து மேசையில தட்டினா வெளிய போ எண்டுறீங்க. மறுகா எப்பிடி சேர் அது உள்ள வாறது?"

சுனாமிக்கு அடுத்த வருடம் அவனுடைய அண்ணனை ஒரு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அந்த நாட்களில் யார் யாரை ஏற்றுகிறார்கள் என்று கேட்பவரில்லை. கேட்டாலும் பதிலில்லை. வீட்டுக்கு ஒரு பெயர் என்று யாரோ எங்கோ எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் தெருவில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். விசில் அடிப்பார்கள்.

அவனுடைய பத்தாம் வகுப்பில் தினமும் இடாப்பு வாசித்துப் பெயர் கூப்பிடும் வகுப்பாசிரியர் நேசம் டீச்சர். நான் அந்த வகுப்புக்கு "என் ஊர்" என்று கவிதை எழுதக் கொடுத்தேன். அவன் வெறும் கொப்பியோடு எழுந்து, எழுதவில்லை, சொல்லட்டுமா என்றான். சொல்லு என்றேன்.

"கடல் வந்திச்சு, பேர் கேக்கல்ல,
வீட்டோட கொண்டு போச்சு.
வேன் வந்திச்சு, பேர் கேட்டிச்சு,
அண்ணனக் கொண்டு போச்சு.
பேரில்லாம இரிக்கிறன் டீச்சர்,
இடாப்பில என்னக் கூப்பிடாதீங்க."

உண்மையைச் சொல்வதானால், இருபது வருடத் தொழிலில் என் வகுப்பில் கேட்ட முதல் கவிதை அது. அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? கரும்பலகையில் எழுதிப்போட்டு, அடி முடிவில் சொற்கள் எப்படி ஒத்து வருகின்றன என்று பிரம்பால் சுட்டிக் காட்டிப் பாடம் நடத்தினேன்.

அன்றிலிருந்து நான் ஆளே மாறிவிட்டேன். ஓய்வறையில் அவன் பேச்சே பேச்சு. ஒருநாள் டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "திறமையக் கண்டா முதல்ல வாயப் பொத்துங்க சேர். கைதட்டுறத மறுகா பாப்பம்." பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

அந்தக் காலத்தில் சுனாமிக்கு வந்த தொண்டு நிறுவனங்கள் நகரத்தில் நிறைய. அதில் ஒன்று நகரப் பாடசாலைகளுக்கிடையில் திறமை காணும் போட்டி ஒன்றை வைத்தது. பாட்டு, நடனம் எல்லாவற்றோடும் ராப்பையும் சேர்த்திருந்தார்கள். அவன் பெயர் கொடுக்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றான். டீச்சர் மூன்று நாள் மறித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நடுவர்கள் மூன்று பேர்: டீச்சர், நான், நிறுவனம் அனுப்பிய, எங்கள் இருவருக்கும் பழக்கமில்லாத ஒருவர்.

அவன் அந்தப் பாட்டைத்தான் சொன்னான். மண்டபம் எழும்பி நின்றது. ஒரே புள்ளித்தாளில் மூவரும் இருபதுக்குப் புள்ளி போட வேண்டும். நான் பதினைந்து எழுதினேன். அதற்கு மேலே பார்த்தேன். டீச்சர் நாலு எழுதியிருந்தார். முதலில் என் கண்ணில்தான் பிழை என்று நினைத்தேன்.

"என்ன டீச்சர் இது?"

"குறைச்சுப் போடுங்க சேர்."

"ஏன்?"

அவர் மற்ற நடுவரை ஒரு தரம் பார்த்தார். "சின்னப் புள்ள சேர். உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றார், உதடு அசையாமல்.

தான் கண்டுபிடித்த பிள்ளையை நான் புகழ்வதுதான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை என்று எனக்குள் ஓர் அற்பப் பேய் சொன்னது. அதை நம்பினேன். அவருடைய நாலை ஈடுகட்டுவதற்காக என் பதினைந்தை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினேன். அவன் முதலிடம்.

எங்கள் பகுதியில் பரிசு கொடுக்க ஒருவரை மேடையேற்றினால் பெயரை மட்டும் சொல்லி விடமாட்டோம். எந்த ஊர், யாருடைய மகன், இப்போது எங்கே இருக்கிறார் என்று முழுக்கச் சொன்னால்தான் மரியாதை. அந்த அறிமுகத்தை எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். முழுப்பெயர், தகப்பன் பெயர், குடும்பம் தங்கியிருந்த தற்காலிகக் கொட்டில் எந்த ஒழுங்கையில் எத்தனையாவது என்பது வரை எழுதினேன். "வேனில் கொண்டுசெல்லப்பட்ட அண்ணனின் துயரைப் பாட்டாக்கிய இளங்கவி" என்றும் எழுதினேன். அந்த வரியில் எனக்குப் பெருமை. அவன் படம் ஒட்டிய சான்றிதழிலும் விபரமெல்லாம் நானே எழுதிக் கொடுத்தேன். ஒலிபெருக்கி அதை வாவிக்கு அக்கரைக்கும் கேட்க வாசித்தது. வாசிக்கும்போதே டீச்சர் எழும்பி வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் மாலை டியூசன் முடிந்து வந்தவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிள் வேலியோரம் கிடந்தது. யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் தாய் பாடசாலைக்கு வந்தார். கையில் அந்தப் போட்டிச் சான்றிதழ். பிறப்புப் பத்திரம், படங்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன. மகனின் பெயரும் படமும் சேர்ந்திருந்த ஒரே கடதாசி அதுதான். முறைப்பாடு எழுதுவதற்கு அதைத்தான் கொண்டுபோகப்போவதாகச் சொன்னார். "நீங்கதானே சேர் இதில எல்லாம் வடிவா எழுதினீங்க" என்றார். குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே நன்றியோடுதான் சொன்னார்.

அன்று பின்னேரம் டீச்சரிடம் போய் நின்றேன். அவர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். எதற்கு நாலு போட்டீர்கள் என்று நான் கேட்குமுன் அவரே சொன்னார்.

"அவன் ஆசப்பட்டான் சேர். பாடட்டும், சனம் கையத் தட்டட்டும், பரிசில்லாம வீட்ட போகட்டும் எண்டு நினைச்சன். தோத்தவன்ட பேர மைக்கில வாசிக்க மாட்டாங்கதானே."

"நீங்க சொல்லியிருக்கலாம் டீச்சர்."

"பக்கத்தில இருந்தவர் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது." பேனையை மூடி வைத்தார். "அவன்தான் சொன்னானே சேர், பேரக் கூப்பிடாதீங்க எண்டு. நீங்க இயைபத்தான் கேட்டீங்க. பாட்டக் கேக்கல்ல."

திருத்திய கொப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, "நானும் அவன மேடையில ஏத்தாம விட்டிருக்கணும்" என்றார். அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சுதர்சினியும் அவளுடைய வகுப்பும் அறிவார்கள். டீச்சர் வரவு இடாப்பு வாசிக்கும்போது அவனுடைய பெயர் வரும் இடத்தில் வாசிக்க மாட்டார். நாலு எண்ணும் நேரம் பேசாமல் இருப்பார். பிறகு அடுத்த பெயர். வரவில்லை என்று அடையாளமும் இடமாட்டார், அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார். அதிபர் இரண்டு தடவை கேட்டார், பெயரை வெட்டச் சொன்னார். டீச்சர் வெட்டவில்லை. அந்த வகுப்பு உயர்தரம் போனது, டீச்சரும் வகுப்பாசிரியராகக் கூடவே போனார். யுத்தம் முடிந்தது என்று சந்தியில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். பாடசாலைக்கு வந்திருந்தது ஏழெட்டுப் பிள்ளைகள். அன்றும் இடாப்பு வாசித்தார். வெடிச் சத்தத்துக்கு நடுவில் அந்த நாலும் எண்ணப்பட்டது. யன்னலோரம் நின்று கேட்டேன்.

இப்போது எங்கள் பெடியன்கள் கல்லடிப் பாலத்தில் நின்று ராப் படம் பிடிக்கிறார்கள். பெயர், ஊர், முகம் எல்லாம் உலகத்துக்குப் போகிறது. நடுவராக வரச்சொல்லி எத்தனையோ பேர் டீச்சரைக் கூப்பிட்டார்கள். ஒரு மேடைக்கும் அவர் போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களை மட்டும் குசினி வாளியைக் கவிழ்த்து வைத்துப் பரீட்சை பார்த்து அனுப்புவார். யாரைத் தேர்ந்தார் என்று யாருக்கும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனபோது, தலையணைக்குக் கீழிருந்து ஒரு கடித உறையை எடுத்துத் தந்தார். அந்தப் போட்டியின் புள்ளித்தாள். அன்று வெளியே போகும்போது நடுவர் மேசையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். இத்தனை வருடம் என்னிடம் சொல்லவில்லை.

"எரிக்கட்டா டீச்சர்?"

"வேணாம். உங்கட்ட இரிக்கட்டும்."

காணாமற்போனவர்களின் தாய்மார் பதில் கேட்டு வீதியோரம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவனுடைய தாயும் இருக்கிறார். பிளாஸ்டிக் உறை போட்ட அந்தச் சான்றிதழைத்தான் பிடித்துக்கொண்டு இருப்பார். நான் அந்தப் பாதையால் போவதில்லை, சுற்றிப் போவேன். இந்தக் கட்டுரையில் அவனுடைய பெயரை நான் எழுதவில்லை. ஒரு தடவை எழுதினேன், அது போதும்.

நேசம் டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் புள்ளித்தாள்தான். மேலே அவனுடைய பெயர். அதற்கு நேரே, கணித ஆசிரியையின் திருத்தமான கையெழுத்தில், ஒரு நாலு. அவன் உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டுமென்று போட்ட புள்ளி. அதற்குக் கீழே பதினைந்தை வெட்டிவிட்டு நான் எழுதியது இருக்கிறது: பத்தொன்பது.