ஒருவர் போனால் ஒருவர் வீட்டில்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்பது புகைப்படங்கள் மாட்டியிருக்கின்றன. கல்யாணப் படத்தை விட்டால் மற்ற எட்டில், அவர் இருக்கிற படத்தில் நான் இருக்க மாட்டேன், நான் இருக்கிற படத்தில் அவர் இருக்க மாட்டார். புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லையோ என்று நினைப்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் மாடுதான் காரணம்.

புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களுக்கு நிலம். கொஞ்சம் நெல், கொஞ்சம் கத்தரி, எப்போதும் ஒரு கறவை மாடு. காலையும் மாலையும் கறந்தாக வேண்டும். புதுக் கை பட்டால் உதைக்கும். அதனால் எந்த ஊரில் என்ன விசேஷம் என்றாலும் ஒருவர் போனால் ஒருவர் வீட்டில். மகளுக்கு நெல்லித்தோப்பில் கல்யாணம். முதல் நாள் மாலை வரவேற்பில் எல்லோரும் மேடையேறுகிற நேரத்தில் மனிதரைக் காணோம். பால் கறக்கப் போயிருந்தார். அவருக்குப் போட்ட நாற்காலியில் என் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு வந்த கோபத்துக்கு அந்த மாட்டை அப்படியே சந்தைக்கு ஓட்டியிருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போய்வந்தவர் போகாதவரிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வது எங்களுக்குள் வழக்கம். அவர் நன்றாகச் சொல்வார். பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காய் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டுக் கடற்கரைச் சாலை வரைக்கும் நடந்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும், நான் டீ போடும்போது பக்கத்தில் குந்திக்கொள்வார். கடல் இன்றைக்கு என்ன நிறம், எத்தனை படகு, காலையிலேயே நாயைக் கூட்டிக்கொண்டு வந்த பிரெஞ்சுக்காரக் கிழவருக்கு என்ன சட்டை, ஒன்று விடாமல் சொல்வார். மாசி மகத்துக்குத் தெருப் பெண்களோடு நான் போய்வந்தால் அது என் முறை. முப்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரே கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சேர்ந்து நின்று பார்த்ததில்லை.

போன புரட்டாசிக் கடைசியில் ஒரு சமயம் வாய்த்தது. மாடு ஏழு மாதச் சினை, பால் வற்றிவிட்டது. சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று, நடவுக்கு இன்னும் நாள் இருந்தது. கத்தரி இளஞ்செடி. வைக்கோல் போட, தண்ணீர் காட்ட என் ஓரகத்தி இருந்தாள். ஆயுதபூஜை விடுமுறைக்கு மகளும் மருமகனும் காரில் செஞ்சிக் கோட்டை, சாத்தனூர் அணை என்று இரண்டு நாள் போவதாகச் சொல்லி எங்களையும் கூப்பிட்டார்கள். கன்று போட்டுவிட்டால் மறுபடி எப்போதோ. இந்த ஒரு தடவையாவது அவரும் நானும் ஒரே இடத்தில் நின்று ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். அது போதும் எனக்கு. பீரோ அடியில் கிடந்த பச்சைப் புடவையை இரண்டாம் நாளுக்கென்று எடுத்து வைத்தேன்.

"இன்னா, பொண்ணு பாக்க வராங்களா?" என்றார் அவர்.

"வந்தா சொல்லுங்க, கெளம்பிடறேன்" என்றேன்.

விடியலில் கிளம்பினோம். காரின் முகத்தில் பூஜைச் சந்தனம் இன்னும் காயவில்லை. திண்டிவனம் தாண்டியதும் வயல்களின் மேல் பனி இறங்கியிருந்தது. தூரத்துப் பனைமரங்களுக்கு அடிமரமே இல்லாமல் தலை மட்டும் மிதந்தது. நான் தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. கண் மூடினாலும் திறந்தாலும் அதே வெண்மை. நடுநடுவே அவர் குரல் மட்டும் கேட்டது. "இவன் நாத்து மஞ்சளா கெடக்குது." "இங்க மழ பேஞ்சிருக்குது." ஊர் பார்க்க வந்த மனிதர் ஊரான் வயலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

செஞ்சியில் பனி விலகி, பாறைமேல் பாறை அடுக்கிய மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. படியடியில் ஒரே குரங்குக் கூட்டம். பைகளைக் காலடியில் சேர்த்து வைத்துக்கொண்டு அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"கொரங்கு பையத் தூக்கிடும். நீங்க போய்ட்டு வாங்க, நான் இருக்கேன்."

"கார்ல வச்சிப் பூட்டிடலாம் மாமா" என்றார் மருமகன்.

"இருக்கட்டும், இருக்கட்டும்."

மகளோடு பாதி மலை ஏறினேன். மேலே காற்று காதை அடைத்தது. கீழே ஏரியும் வயலும் பாறையும் வெயிலில் அசையாமல் கிடந்தன. மரத்தடியில் வெள்ளையாக ஒரு புள்ளி. அது அவர் வேட்டி. கையை ஆட்டினேன். அவருக்குத் தெரிந்திருக்காது. இறங்கி வந்ததும், காற்று எப்படி இருந்தது, மேலிருந்து பார்த்தால் மாடு எவ்வளவு சின்னதாகத் தெரிந்தது என்று அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில்தான் எனக்கு உறைத்தது. நூறு கிலோமீட்டர் வந்தும் நான் போய்வந்து சொல்கிறேன், அவர் வீட்டிலிருந்து கேட்கிறார். மீதியைச் சொல்லாமல் காரில் போய் ஏறிக்கொண்டேன்.

திருவண்ணாமலையில் தங்கிவிட்டு மறுநாள் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு சாத்தனூர் போனேன். இன்றைக்கு விடுவதில்லை என்றுதான் இருந்தேன். அணைக்குக் கீழே பூங்காவில் மர நிழலில் பாயை விரித்துப் புளிசாதம் சாப்பிட்டோம். பக்கத்துக் கடைகளில் மீன் வறுக்கிற வாசனை ஆளைத் தூக்கியது. புரட்டாசிக்கு வாயைக் கட்டியிருந்தோம்.

"அத்தை, வாங்க, அணை மேல போய்ப் பாக்கலாம்" என்று மருமகன் எழுந்தார்.

"சாமானெல்லாம் கெடக்குதே. நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க மாப்ள."

சொன்னது என் வாய்தான். நினைப்பதற்குள் சொல்லிவிட்டது. வீட்டுக்காரர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, நாலு அடி போய், திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். காலிப் பாத்திரங்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

திரும்பி வந்து பக்கத்தில் குந்தினார். "ஒரே ஒரு கதவத்தான் தெறந்துவுட்டுருக்கான். தண்ணி கீழ வந்து சேரதுக்குள்ள பொகையாப் போயிடுது. அந்தப் பொகையில ஒரு நாரை பூந்து பூந்து போவுது. நனையாத மாதிரியே போவுது."

நாரை எனக்குத் தெரிந்தது. புகையும் தெரிந்தது. நன்றாகத்தான் சொன்னார், அதுதான் வயிற்றெரிச்சல்.

திரும்பும்போது வெயில் பழுத்து, சாலையோரத்துக் கரும்பெல்லாம் மஞ்சளாக நின்றது. புதுச்சேரிக்குள் நுழையும்போது மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவள் என்ன கண்டாளோ, "அம்மா, பீச்சுக்குப் போய்ட்டு வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

காரைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கடற்கரைச் சாலைக்கு நடந்தோம். கருங்கல்லுக்கு அப்பால் கொஞ்சம் மணல் இருக்கிற இடத்தில் செருப்பைக் கழற்றினோம். மகளும் மருமகனும் தண்ணீருக்குப் போய்விட்டார்கள். இவர் நாலு ஜோடிச் செருப்பையும் வரிசையாக எடுத்து வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ போய்ட்டு வா. செருப்ப நான் பாத்துக்கறேன்."

எனக்குச் சட்டென்று குரல் உயர்ந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன்.

"முப்பது வருசமா மாட்டுக்குக் காவலு. சரி, அது வாயில்லா சீவன். நேத்து பைக்குக் காவலு. இன்னிக்குச் செருப்புக்கா? எனக்கு மலையும் வேணாம், அணையும் வேணாம். உங்ககூட ஒரு நிமிசம் நின்னு ஒண்ணப் பாக்கணும்னு வந்தேன். அது மட்டுந்தான் வேணும் எனக்கு."

பக்கத்தில் சுண்டல் விற்றவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் செருப்புகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து அந்த நாலு ஜோடியின் மேலும் போட்டு மூடினார். எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர் கணுக்கால் வரைக்கும் வந்து, காலடி மணலை உருவிக்கொண்டு போயிற்று. வானமும் கடலும் எங்கே சேர்ந்தன என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றோமோ. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வந்தபோது துண்டும் இருந்தது, செருப்பும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகக் கொட்டகைக்குத்தான் போனார். மறுநாள் காலையில் பாக்கெட் பாலை அடுப்பில் வைத்து டீக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். வழக்கம்போல் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நேத்து கடலுக்குப் போயிருந்தேன்" என்றார்.

நானுந்தான் கூட வந்தேன் என்று சொல்லத் திரும்பினேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார்.

"தண்ணி கருநீலமா இருந்துச்சு. படகு ரெண்டே ரெண்டுதான். பச்சப் பொடவ கட்டிக்கிட்டு ஒரு பொம்பள வந்துருந்தா. அல வந்தா ரெண்டு அடி பின்னால போவா. அப்பறம், யாரும் பாக்கலன்னு நெனச்சிக்கிட்டு மூணு அடி முன்னால வருவா."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தீயைக் குறைத்துவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பறம்?" என்றேன்.