தோளில் மடித்த துண்டு

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், வேலூர் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார் அவர். திருவண்ணாமலையிலிருந்து நாங்கள் இருவருமே முதுகைக் காட்டத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் முதுகு நாற்காலியில் உட்கார்ந்தே கெட்டது. அவருடையது கோயிலில் சாமி தூக்கி.

இரண்டு தோளிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு. அவ்வப்போது வலது குதிகாலால் இடது பெருவிரலை மிதித்துப் பார்ப்பார். உணர்ச்சி இன்னும் இருக்கிறதா என்ற சோதனை அது.

"டிஸ்க் நழுவி நரம்பை அழுத்துதாம் சார். ஆபரேஷன் பண்ணி எடுக்கலன்னா கால் மரத்தே போயிடும்னுட்டாரு டாக்டரு. இன்னிக்குப் பதில் சொல்லணும்."

"பண்ணிக்க வேண்டியதுதானேங்க?"

"பண்ணா வெயிட்டு தூக்கக் கூடாதாம். சாமியுமாங்கன்னு கேட்டேன். எத்தினி பேரு தூக்குறீங்கன்னாரு. இருபது பேருன்னேன். இனிமே பத்தொம்பது பேரு தூக்கட்டும்னுட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடி விரலை மிதித்துப் பார்த்தார்.

என்னை டாக்டர் பலகையில் படுக்கச் சொன்னார். அதையே பெரிய தியாகம்போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஆண்டு கார்த்திகை தீபத் திருவிழாவில் அவரைப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்திருந்தது, இடது கால் நன்றாகவே ஊன்றியது. சாமி தூக்குகிறவர்களுக்குப் பக்கத்தில், அவர்களோடு அடிக்கு அடி சேர்த்து நடந்தார். தோளில் துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தார். அதன்மேல் சாமி தூக்கும் தண்டு இல்லை. அவர்கள் நின்று தோள் மாற்றிய இடத்தில் அவரும் நின்றார். துண்டை எடுத்து அடுத்த தோளில் போட்டுக்கொண்டார்.

கும்பிடப் போன நான், அன்றைக்குச் சாமியைச் சரியாகப் பார்க்கவே இல்லை.