சித்தி சாய்ந்து நின்ற படம்

அந்தப் படத்தை நான் கோணலாக எடுத்துக் காரியத்தைக் கெடுத்தேன் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை பேச்சு. போனால் போகட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை. நான் ஒழுங்காகத்தான் எடுத்தேன். எடுக்கச் சொன்னவர்தான் கெடுத்தார்.

அப்போது எனக்குப் பத்து வயது. பிளெய்ன்ஸ்பரோவில் எங்களோடு தங்கி, தினமும் ரயிலேறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சித்திக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் புடவையில் முழு உருவப் படம் கேட்டார்கள். பின்னால் கடல் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. அதனால் திமிங்கலம் பார்க்கப் போகும் படகில் எல்லோரும் கோட்டும் தொப்பியுமாக நிற்க, எங்கள் சித்தி மட்டும் அரக்குப் பட்டில் நின்றாள். அப்பா எடுத்தால் தலை வெட்டுப்படும் என்பதால் சித்தியின் போன் என் கைக்கு வந்தது.

படகு கன்னாபின்னாவென்று ஆடியது. கைப்பிடிக் கம்பியை நேராக வைத்துப் பிடித்தால் கடல் சரிந்தது, சித்தியும் சேர்ந்து சாய்ந்தாள். கடலின் விளிம்பை நேராக வைத்தால் கம்பி சரிந்தது, சித்தி நிமிர்ந்து நின்றாள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, காலைக் கொஞ்சம் மடக்கி, கடல் விளிம்பை மட்டும் பார்த்தபடி ஆட்டம் ஒரு கணம் ஓய்வதற்குக் காத்திருக்க வேண்டும். யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்தேன். அப்படி எடுத்த படத்தில் சித்தி நேராக நின்று அழகாகச் சிரித்தாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். கம்பி கோணலாக இருக்கிறதாம். அவர் பாலம் கட்டும் இன்ஜினியர். கம்பி கோணினால் அவருக்குத் தாங்காது.

"கடல யாரு பாக்கப் போறாங்க? கம்பிய நேரா வெச்சு எடு."

எடுத்தேன். ஒரு தோள் இறங்கி, சித்தி ஒற்றைக் காலில் நிற்பது போல வந்தது. அப்பாவுக்குப் பரம திருப்தி.

வீட்டுக்கு வந்ததும், நல்ல படமாகப் பார்த்து அனுப்பச் சொன்னாள் அம்மா. சித்தி இரண்டையும் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சாய்ந்த படத்தை அனுப்பினாள். அது வேண்டாம் என்று நான் இங்கிலீஷில் கத்தினேன். "உங்கப்பா ஓகே பண்ணது இதுதானே கண்ணு," என்றாள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து, பெண்ணுக்குக் காலில் ஏதாவது குறையா என்று கேட்டார். இருந்தால்தான் என்ன? நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இப்படிக் கேட்கிற வீட்டுக்கு நான் போக மாட்டேன் என்று சித்தி சொல்லிவிட்டாள். அம்மா அழுதாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஒரு போட்டோ நேரா எடுக்கத் தெரியல உனக்கு."

சொன்னது அவரேதான்! நேரான படத்தைக் காட்டிவிடலாம் என்று சித்தியிடம் ஓடினேன். ஸ்டோரேஜ் ஃபுல் ஆகிவிட்டதால் டெலீட் பண்ணிவிட்டேன் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். என் பக்கம் இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. அப்பாவைவிட அவள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது சித்தி பக்கத்து ஊரான மான்மவுத் ஜங்ஷனில் இருக்கிறாள். அவளோடு அதே ரயிலில் வேலைக்குப் போய்வந்தவர்தான் சித்தப்பா. போன மாதம் தன் பழைய போனில் எதையோ தேடியவர், சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினார்.

"உங்க சித்தி எனக்கு அனுப்புன மொத போட்டோ."

அரக்குப் பட்டு. கடல் நேராக, சித்தி நேராக, கம்பி மட்டும் கோணலாக. படகில் போன அன்று சாயங்காலமே அனுப்பியிருக்கிறாள்.

அப்பா இன்னும் என்னைத்தான் குறை சொல்கிறார். சித்தியைக் காட்டிக்கொடுக்காமல் அவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. நான் எடுத்தது எவ்வளவு நல்ல படம் என்று அன்றைக்கே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அதைக் கோயம்புத்தூருக்கு அனுப்பவில்லை என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.