கஞ்சிக் கொட்டகையின் காரியதரிசி

ரப்பர் விலை விழுந்த வருடங்களில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களைக் குறைத்தன. அதுவரை பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துப் பிழைத்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு பினாங்குக்கு வந்து சேர்ந்தார்கள். ஊருக்குப் போகும் கப்பலில் இடம் கிடைக்கும்வரை இங்கேதான் காத்திருக்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய கொட்டடிகள் நிரம்பின. பிறகு கடைகளின் முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதைகளும் நிரம்பின. காலையில் கடை திறக்க வருகிறவர்கள் படுத்திருப்பவர்களை எழுப்பிவிட்டுத்தான் கதவைத் திறக்க முடிந்தது.

அப்போது நான் எங்கள் தமிழர் சங்கத்தின் பெண்பிள்ளைகள் வகுப்பில் டீச்சராக இருந்தேன். சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. கீழே வாசகசாலை, மேலே வகுப்பு. என் கணவர் ஆயர் ஈத்தாம் போகும் டிராமில் கண்டக்டர். அவரோடு வேலை பார்த்தவர்கள் என்னைப் பற்றி விசாரிக்கும்போது, "வீட்டுக்காரம்மா சங்கத்துல ஏதோ தர்ம காரியம் செய்றாங்களாமே" என்பார்கள். அதை ஒரு உத்தியோகமாக யாரும் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே அப்படி நினைக்கத் தோன்றியதில்லை.

சங்கத் தலைவர் நாகூர்ப் பக்கத்துக்காரர், அரிசி மொத்த வியாபாரி. நல்ல மனிதர். ஆனால் எல்லாம் அவர் கையாலேயே நடக்க வேண்டும். வாசகசாலை ஜன்னலைக்கூட அவரே வந்து திறப்பார். என் வகுப்பில் ஒரு சிலேட்டு உடைந்தாலும் அவரிடம் சொல்லித்தான் வேறு வாங்க வேண்டும். நடைபாதையில் கிடந்த ஜனங்களைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. வாசகசாலைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அத்தாப்பு ஓலையால் கூரை போட்டு ஒரு கொட்டகை கட்டினார். தன் கிட்டங்கியிலிருந்து அரிசி அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, பொம்பளைங்க நெறையப் பேரு வருவாங்க. நீங்க நின்னு பார்த்துக்கிட்டா நல்லா இருக்கும்லா. பள்ளிக்கூடத்தக் கொஞ்ச நாளைக்கு மதியத்துக்கு மேல வச்சுக்குங்க."

சரி என்றேன். ஒரு வகுப்பை நடத்துகிறவளுக்கு ஒரு வரிசையை நடத்துவது பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரத்திலேயே என் தொண்டை போய்விட்டது. அடுப்புப் பற்றவைப்பதைப் பார்ப்பதும் நான், கஞ்சி ஊற்றுவதும் நான், முந்துகிறவர்களைத் தடுப்பதும் நான், சண்டையை விலக்குவதும் நான். யாராவது உதவிக்கு வந்தால், "நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று அனுப்பிவிடுவேன். அவர்கள் பசியோடு வந்தவர்கள், அவர்களை வேலை வாங்கக் கூடாது என்பது என் எண்ணம். அதை மரியாதை என்றே நம்பினேன்.

வரிசையில் தினமும் என்னோடு மல்லுக்கு நிற்க ஒருத்தி இருந்தாள். கெடா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள், நாற்பது வயதிருக்கும், உயரமானவள். புருஷன் தோட்டத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"இது என்னா டீச்சரம்மா, கஞ்சியா? இல்ல அரிசி கழுவுன தண்ணியா?"

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவள் வரும் நேரத்தில் மட்டும் கரண்டியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

ஒருநாள் காலை பெருமழை. அத்தாப்பு ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போயிற்று. நனைந்தவர்கள் உள்ளே நெருக்க, உள்ளே இருந்தவர்கள் திருப்பித் தள்ள, கொதிக்கும் பானை ஆடியது. "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அப்போது அந்தக் குரல் எழுந்தது.

"பிள்ளை வச்சிருக்கறவங்க எல்லாம் உள்ள வாங்க! மத்தவங்க செவுத்த ஒட்டி நில்லுங்க! யோவ், உன்னத்தான்யா, பானைக்கிட்டருந்து தள்ளிப் போ!"

கூட்டம் அடங்கியது.

மறுநாள் அவளிடமே போய்க் கேட்டேன். "அக்கா, இனிமே வரிசைய நீங்க பார்த்துக்கிறீங்களா?"

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நானா? சம்பளமில்லாத கங்காணியாக்கும்!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கரண்டியையும் குடுங்க. கரண்டி இல்லாம வெறும் வாய வச்சு என்னா பண்றது?" என்றாள்.

கொடுத்தேன். அவள் தன் தோட்டத்துப் பெண்கள் சிலரைக் கூப்பிட்டுக்கொண்டாள். விறகுக்கு ஆள், தண்ணீருக்கு ஆள், பாத்திரம் கழுவ ஆள் என்று ஒரே காலையில் கொட்டகை வேறு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு நேரம் கிடைத்தது. என் கணவரின் டிராமிலேயே ஏறி ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். மலையடிவாரத்தில் காய்கறி பயிரிடும் சீனர்களிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் விஷயத்தைச் சொன்னேன். விற்காமல் மீந்த கீரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அன்றே ஒரு கூடை கிடைத்தது. பிறகு வழக்கமாகக் கிடைத்தது. கப்பல் விவரம் கேட்கத் துறைமுக ஆபீசுக்கும் போக ஆரம்பித்தேன். கஞ்சியில் கீரை விழுந்தது. ஜனங்கள் என்றைக்குக் கப்பல் என்பதைத் தெரிந்துகொண்டு காத்திருந்தார்கள். என் வேலை எது என்று எனக்கு அப்போதுதான் புரியத் தொடங்கியது.

ஆனால் கொஞ்ச நாளில் வேறு ஒரு பேச்சு காதில் விழுந்தது. பேராக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு கிழவர் என்னிடம் தட்டை நீட்டிக் காட்டினார். "பாருங்கம்மா, எங்களுக்கு மேலால இருக்கற தண்ணி. அவங்க தோட்டத்து ஆளுங்களுக்கு அடியில இருக்கற சோறு."

நின்று கவனித்தேன். உண்மைதான். தன் ஆட்கள் வரும்போது அவள் கரண்டி பானையின் அடிவரை போயிற்று. மற்றவர்களுக்கு மேலோடு நின்றது.

தலைவர் காதுக்கும் அது போய்விட்டது. "கரண்டிய வாங்கிடுங்கம்மா. எல்லாரும் பார்க்க வாங்கிடுங்க. அப்பத்தான் மத்தவங்களுக்குப் பயம் இருக்கும்" என்றார்.

எனக்கும் கோபம்தான். ஆனால் எல்லோர் முன்னாலும் கரண்டியைப் பிடுங்கினால் அடுத்து யார் அதைக் கையில் வாங்குவார்கள்? மறுபடியும் நானே நிற்க வேண்டியதுதான். கஞ்சி முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் அவளை மட்டும் மாடிக்கு, காலியாக இருந்த வகுப்புக்கு அழைத்துப் போனேன்.

"அக்கா, நீங்க அடியிலருந்து அள்ளி உங்க ஆளுங்களுக்கு ஊத்துறீங்க. நான் பார்த்தேன்."

அவள் முகம் சிவந்தது. "எங்க தோட்டத்துப் பொண்ணு ஒருத்தி வயித்துல பிள்ளையோட இருக்கா. அவளுக்குத் தண்ணிய ஊத்தச் சொல்றீங்களா?"

"பேராக் ஆளுங்கள்லயும் வயித்துப் பிள்ளைக்காரி இருக்கா. அவ உங்ககிட்ட வந்து கேட்கமாட்டா. பயப்படுறா."

"என்னப் பார்த்தா?"

"ஆமா. உங்களப் பார்த்துத்தான்."

அவள் மாடிப்படி அதிர இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவளுடைய தோட்டத்துப் பெண்களும் வரவில்லை. நான் பழையபடி பானைக்கு முன்னால் நின்றேன். வரிசை பழையபடி கலைந்தது. மூன்றாம் நாள் காலையில் கஞ்சி ஊற்றும் பொறுப்பை அந்தப் பேராக் கிழவரிடம் விட்டுவிட்டு, துறைமுகக் கொட்டடிக்கு அவளைத் தேடிப் போனேன்.

அவள் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். உட்காரும்படி டப்பாவைக் காட்டினாள். நான் தரையில் உட்கார்ந்தேன். அவளும் தரைக்கு இறங்கினாள்.

"நான் உங்கள வேணாம்னு சொல்லல அக்கா. நீங்க வேணும்னு சொல்லத்தான் வந்தேன்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் சொல்லாட்டி மத்தவங்க முதுகுக்குப் பின்னால சொல்வாங்க. சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க."

அவள் கடலைப் பார்த்தபடி, "தோட்டத்துல காலையில பெரட்டுல பேரு கூப்பிடும்போது, தப்பு செஞ்சவங்கள அத்தனை பேரு முன்னாலயும் நிக்க வச்சு வைவாங்க. பழகிப்போச்சு. நீங்க மாடிக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னீங்க. எனக்கு அதான் தாங்க முடியல. திருப்பி வையறதுக்குக்கூட வழியில்லாம பண்ணிட்டீங்க" என்றாள்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி நடக்கும்போது அவளே ஒரு யோசனை சொன்னாள். எந்தத் தோட்டத்துக்காரரும் தன் தோட்டத்து ஆட்களுக்கு ஊற்றக் கூடாது. கெடாக்காரி பேராக்காரர்களுக்கு ஊற்றட்டும். பேராக்காரர் ஜோகூர்க்காரர்களுக்கு ஊற்றட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் பானையை அடிவரை கிளற வேண்டும். "யாரு கிளறலியோ அவங்கள நான் பார்த்துக்கிறேன்" என்றாள். அதைச் சொல்லும்போது பழைய குரல் வந்துவிட்டது.

அந்தக் கொட்டகை அதன் பிறகு மாதக்கணக்கில் நடந்தது. வகுப்பை மறுபடியும் காலைக்கே மாற்றிக்கொண்டேன். பல நாட்கள் நான் காலையில் போய் எட்டிப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறி என் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். கீழே கரண்டிச் சத்தம் ஒழுங்காகக் கேட்கும். முதலில் அது எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறதே என்று. பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பாடம் நடத்துவது பிடித்துப்போயிற்று.

கப்பல்கள் ஒவ்வொன்றாகப் போயின. கூட்டம் குறைந்தது. சங்கத்துக்குப் பேர் வந்திருந்தது. கையில் நிதியும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. முழுநேரமாக ஒரு காரியதரிசியை நியமிக்கலாம், புதிதாகக் கப்பலிறங்கும் பெண்களுக்குத் தங்கும் இடம் நடத்தலாம் என்று நிர்வாகக் குழு பேசியது. இங்கிலீஷ் படித்த ஒரு நல்ல பையனைத் தேடுவதாகத் தலைவர் என்னிடமே சொன்னார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் பினாங்கிலேயே பெரிய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்தும் எனக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே யோசித்தார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போனா நிம்மதியா இருப்ப. சங்கத்துலயே இருந்தா வீட்டுக்கு வந்தும் அதையே பேசிக்கிட்டு இருப்ப. எனக்கு என்னமோ நீ பேசுறதக் கேக்கத்தான் புடிச்சிருக்கு."

"அவங்க என்னக் கேக்கவே இல்லியே."

"நீ கேட்டியா?"

நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. நல்ல வேலை செய்தால் யாராவது பார்த்துத் தாமாகவே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு நான் போய் வாசலில் நின்றேன். தலைவர் உள்ளே வரச் சொன்னார். நாற்காலிகள் நிறைய ஆண்கள். "காரியதரிசி வேலைய எனக்குக் குடுங்க" என்றேன். அதற்கு முன்னால் சொல்வதற்கென்று தயார் பண்ணி வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

தலைவர்தான் மெதுவாகச் சொன்னார்: "நீங்க நல்லாத்தான் செய்றீங்கம்மா. ஆனா துறைமுக ஆபீசு, போலீஸ் ஸ்டேஷன், அங்கெல்லாம் யாரு போறது?"

"இதுவரைக்கும் யாருங்கய்யா போனது?"

ஒருவர் சிரித்தார். தலைவருக்கும் உதட்டோரம் அசைந்தது. "எல்லாத்தையும் ஒரு ஆளே பார்க்க முடியுமா?" என்றார் இன்னொருவர்.

"முடியாதுங்க. நான் தனியாப் பார்க்கப் போறதில்ல. தங்குற இடத்த நடத்தறதுக்கு ஒரு ஆள் இருக்காங்க. அவங்களுக்கும் சம்பளம் குடுக்கணும். அவங்களும் இந்தக் கூட்டத்துல உட்காரணும்."

"யாரு?"

சொன்னேன். அந்தக் குரலைக் கேட்காதவர்கள் அந்த அறையில் ஒருவரும் இல்லை. நீண்ட நேரம் விவாதித்தார்கள். கடைசியில் ஆறு மாதத்துக்குப் பார்ப்போம் என்றார்கள். கெடாக்காரியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவளுக்கும் கப்பலில் இடம் வந்திருந்தது. மறுநாள், "ஊருல எனக்காக யாரும் காத்துக்கிட்டு இல்ல. இங்க நீங்க காத்துக்கிட்டு இருக்கீங்க" என்று சொல்லி மூட்டையைப் பிரித்தாள்.

ஆறு மாதம் என்றது அதன் பிறகு யாருக்கும் நினைவில்லை. தலைவர் ஒருநாள் தாமாகவே வாசகசாலைச் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, "காலையில வர முடியல, முட்டி வலிக்குது" என்றார். முட்டி வலி அவருக்குப் பல வருடங்களாக உண்டு.

பெண்கள் தங்கும் இடத்தில் மாதம் ஒருமுறை கூட்டம் நடக்கும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தி தலைமை வகிக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். முதல் கூட்டத்தில் தலைமை வகித்தவள் கைக்குழந்தைக்காரி, கப்பலிறங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறந்தாள், மூடினாள். கெடாக்காரி பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தாள், பேச வேண்டியதை எடுத்துக் கொடுக்க. நான் அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அறை முழுக்கக் காத்திருந்தோம். குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "குளிக்கிற எடத்துல யாரோ சோப்ப எடுக்கறாங்க. அத மொதல்ல பேசுவோம்" என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவள் கையை உயர்த்தி, "ஒவ்வொருத்தரா" என்றாள்.