வெயில் தாழ

அஹமது கபீருக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. சிங்கப்பூரில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பத்து ஆண்டுகள் ஓட்டியிருந்தார். சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சாட்சி தமிழில் சொல்லி வாய் மூடுவதற்குள் இங்கிலீஷ் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிடும். "கபீர் இருக்காரா? அப்ப மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்று வக்கீல்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தால் அவருக்கு உள்ளூரக் குளிரும்.

1956 பிப்ரவரியில் மருதப்பன் வழக்கு வந்தது. மருதப்பன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கிடங்கிலிருந்து செம்புக் கம்பிச் சுருளைத் திருடினார் என்பது குற்றச்சாட்டு. மாலை நாலே முக்கால் மணிக்கு வேலி தாண்டி ஓடியவர் இவர்தான் என்று காவலாளி அடித்துச் சொன்னார். மருதப்பன் பக்கம் இருந்தது ஒரே ஒரு சாட்சி. ரோச்சோர் கால்வாய் ஓரத் திடலில் கொடி கட்டித் துணி உலர்த்தும் சலவைத் தொழிலாளி பூவம்மா.

"அன்னிக்கு வெயில் தாழ நான் துணி எடுத்துக்கிட்டிருந்தேன். மருதப்பன் சைக்கிள்ல வந்தாரு. பெரிய மூட்டையை அவருதான் தூக்கிக் கட்டிக் குடுத்தாரு" என்றார் பூவம்மா.

"அட் சன்செட்" என்று கபீர் மளமளவென்று ஆரம்பித்தார்.

மாஜிஸ்திரேட்டின் பேனா ஓடியது. அரசுத் தரப்பு அதிகாரி எழுந்தார். சூரியன் மறைவது ஆறரைக்கு. நாலே முக்காலுக்குத் திருடியவர் கம்பியை எங்காவது போட்டுவிட்டு, சாவகாசமாகச் சைக்கிள் மிதித்துத் திடலுக்கு வந்திருக்கலாமே என்றார். பூவம்மாவை இறங்கச் சொன்னார்கள். தீர்ப்பு சாப்பாட்டுக்குப் பிறகு.

கோர்ட்டுக்குப் பின்னால் மரத்தடிக் கடையில் கபீர் காப்பிக்கு நின்றபோது பூவம்மா வேகமாக வந்தார். கூடவே மருதப்பனின் தம்பி மாணிக்கம். சாட்சியோடு பேசக்கூடாது என்பது விதி. கபீர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயா, நான் எப்ப ஆறரைன்னு சொன்னேன்? இந்தத் தம்பிக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். நான் அப்படிச் சொன்னதா கோர்ட்டுல எழுதிட்டாங்கங்குது."

கபீரால் சும்மா இருக்க முடியவில்லை. "வெயில் தாழன்னு சொன்னீங்கல்ல அம்மா? பொழுது சாயுற நேரம்தானே அது?"

பூவம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது எப்படிங்க அதுவாகும்? வெயில் தாழறதுன்னா சூடு தணியறது. வெயில் இருக்கும், சுள்ளுனு சுடாது. அப்பவே துணியை உருவிடணும். அப்புறம் மஞ்ச வெயில் அடிக்கும். அதுக்கும் பொறவுதான் பொழுது சாயும். அதுவரைக்கும் கொடியில விட்டா ஈரம் ஏறி நாறிடும்லா. தொரை வீட்டுச் சட்டைங்க, சும்மா விடுவாங்களா?"

கபீர் காப்பியைக் கீழே வைத்தார். அன்று காலையில்தான் அவர் மனைவி ரபியா வாசலில் நின்று சொல்லியிருந்தார்: "அஸர் தொழுதுட்டு வெயில் தாழ வந்துடுங்க, தேக்கா மார்க்கெட்டுக்குப் போகணும்." ஐந்துக்குள் வீடு சேர வேண்டும் என்று கபீரும் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். வீட்டில் தெரிந்த சொல் கூண்டுக்குப் பக்கத்தில் எங்கே போயிற்று? மொழிபெயர்ப்பாளர் தேர்வில் ஞாயிறு, கதிர், கிரணம், சுடரொளி என்று ஒரு பத்தி கொடுத்தார்கள். அதை அட்சரம் பிசகாமல் பெயர்த்து முதலாவதாகத் தேறியவர் அவர்.

"அண்ணன் உள்ள போயிட்டா துறைமுகத்துல திரும்ப வேலைக்குச் சேர்க்க மாட்டாங்க ஐயா" என்றார் மாணிக்கம்.

பிற்பகல் கோர்ட்டு கூடியதும் அவர் முன்னால் போய் நின்றார். காலையில் ஒரு சொல்லைத் தவறாக மொழிபெயர்த்துவிட்டதாகச் சொன்னார்.

"தவறு என்று யார் சொன்னது?" என்று அரசுத் தரப்பு அதிகாரி துள்ளி எழுந்தார்.

யோசித்துப் பார்த்தேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "சாட்சியே சொன்னார். இடைவேளையில்" என்றார் கபீர்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "அது விதிக்குப் புறம்பு என்று உமக்குத் தெரியுமா?"

"தெரியும், ஐயா."

பக்கத்துக் கோர்ட்டிலிருந்து சுப்பிரமணியம் என்ற மொழிபெயர்ப்பாளரை அழைத்து வந்து, பூவம்மாவை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். பத்து ஆண்டுகளில் முதல் தடவையாகக் கபீர் பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெயில் தாழ என்றால் எந்த நேரம் என்று கேட்டார்கள்.

"எனக்கு மணி பார்க்கத் தெரியாதுங்க. ஆனா அப்ப என் நிழல் ரெண்டு ஆள் நீளத்துக்கு விழும்."

சுப்பிரமணியம் அதைச் சுருக்காமல் அப்படியே சொன்னார். மாஜிஸ்திரேட் வழக்கை இரண்டு நாள் தள்ளிவைத்து, கோர்ட்டுச் சேவகர் ஒருவரைத் திடலுக்கு அனுப்பினார். வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்தவர், தன் நிழல் தன்னைப்போல் இரண்டு மடங்கு ஆனபோது மணி நாலே முக்கால் என்றார். மருதப்பன் விடுதலையானார்.

கபீருக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. அடுத்த ஆண்டு காலியான தலைமை மொழிபெயர்ப்பாளர் வேலை சுப்பிரமணியத்துக்குப் போயிற்று. ரபியாவுக்கு மனசு ஆறவில்லை.

"உண்மையைச் சொன்னதுக்கா இந்தத் தண்டனை?"

"சாட்சிகிட்டப் பேசினதுக்கு. அது நியாயம்தான்" என்றார் கபீர்.

அவரை அரித்தது வேறு. பத்து ஆண்டுகளாக வெயிலையும் வெளிச்சத்தையும் பொழுதையும் எத்தனை பேர் தன்னிடம் நம்பிக் கொடுத்திருப்பார்கள்! 'வெளிச்சம் வந்ததும்' என்றால் விடிகிறது என்று பொருள். சூரியன் எழுந்திருக்க வேண்டியதில்லை. 'வெயில் ஏறிடுச்சு' என்றால் சூரியன் எழுந்து வெகு நேரம் ஆகியிருக்கும். இரண்டையும் 'சன்ரைஸ்' என்று ஒரே மூச்சில் தாண்டி வந்தோமா? அவருக்கு நினைவில்லை.

சனிக்கிழமைகளில் கோர்ட்டு மதியத்தோடு மூடிவிடும். அனுமதி கேட்டு வாங்கி, பதிவேட்டு அறையில் உட்கார்ந்து தான் மொழிபெயர்த்த பழைய வழக்குகளின் குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தார். அதில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ்தான். சாட்சி வாயிலிருந்து வந்த தமிழ் ஒரு வரிகூட இல்லை. இருந்தும் இரண்டு ஆண்டுகள் விடாமல் படித்தார். நான்கு இடங்களில் சந்தேகம் தட்டியது. நான்கையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். மூன்றுக்குப் பதிலே இல்லை. நான்காவதற்கு மட்டும் 1959இல் ஒரு வரி வந்தது: சம்பந்தப்பட்டவர் ஆறு மாதத் தண்டனையை அனுபவித்துவிட்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிவிட்டார்.

அந்த ஆளுக்குக் கபீர் கடிதம் எழுதினார். மன்னிப்புக் கேட்டார், அன்று கூண்டில் என்ன சொன்னீர்கள் என்றும் கேட்டிருந்தார். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.